நான் எரித்த தகவல்

சபையாருக்கு என் வந்தனம். இரண்டு பிள்ளைகளையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் தூக்கிக்கொண்டு தெருவில் நிற்க வேண்டியதுதான் என்று நானும் என் மனைவி எஸ்தரும் அழுதுகொண்டிருந்த ஒரு பங்குனி மாதத்தைப் பற்றி எழுதுகிறேன். வருஷம் 1969. இந்தச் சாலமன் தன் சொந்த வீட்டைப் பற்றிப் பெருமை அடிக்கிறான் என்று நினைக்க வேண்டாம். இதில் நான் பெருமைப்பட ஒன்றும் இல்லை. ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டது நிஜம். அவர் பதில் சொன்ன விதம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை என்பதும் நிஜம். இரண்டையும் எழுதினால்தான் சாட்சி என்று போதகர் சொன்னதால் எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் டிக்கெட் செக்கர். காஞ்சிபுரம் உத்திரமேரூர் லைன். ஓரிக்கை ஸ்டாப்பில் மரத்துக்குப் பின்னால் நின்று, பஸ் கிட்டே வந்ததும் கைகாட்டி ஏறுவேன். கண்டக்டர் எச்சில் விழுங்குகிற விதத்திலேயே எத்தனை பேருக்கு டிக்கெட் கிழிக்கவில்லை என்று தெரிந்துவிடும். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். யூனிபாரத்தைக் கழற்றி ஆணியில் மாட்டின பிறகும் அதை மட்டும் கழற்ற மாட்டேன். எஸ்தர் கடையில் வாங்கி வந்த துவரம்பருப்பைக் கையில் தூக்கி எடை பார்ப்பேன். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நாள் முழுக்க நோயாளிகளைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து என்னையும் பார்க்க வேண்டும், பாவம்.

என் சந்தேகத்துக்குக் காரணமே இல்லை என்றும் சொல்லமாட்டேன். நான் மாகறல் பக்கத்துக் காலனியில் பிறந்தவன். என் அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர். காஞ்சிபுரத்தில் ஆறு வருஷத்தில் நாலு வாடகை வீடு மாறினோம். முதல் மாதம் "வாங்க செக்கர் சார்" என்பார்கள். எந்த ஊர், எந்தத் தெரு என்று யாராவது விசாரித்துச் சொன்னதும் கிணற்றில் தண்ணீர் குறைந்துவிடும், வீட்டுக்காரர் மகளுக்கு வீடு தேவைப்பட்டுவிடும். யாரும் காரணத்தை வாயால் சொல்வதில்லை. அந்த வருஷமும் தை பிறந்த கையோடு, பங்குனி கடைசிக்குள் காலி செய்யும்படி சொல்லிவிட்டார்கள். இனிமேல் யாரும் எங்களை எழுந்து போ என்று சொல்லக்கூடாது, அதற்குச் சொந்தமாக ஒரு வீடு வேண்டும் என்று எஸ்தர் பிடிவாதமாக நின்றாள்.

பெரிய காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெரு ஒன்றில் நாகய்யா என்பவருடைய ஓட்டு வீடு ஒரு தரகர் மூலமாக விலைக்கு வந்தது. வீட்டில் தெலுங்கு பேசுகிற நெசவாளர் குடும்பம். ஆரணியில் மச்சானோடு சேர்ந்து தறி போடப் போகிறார், அதனால் விற்கிறார் என்றார்கள். நான் முதல் நாளே என் ஊர், ஜாதி எல்லாவற்றையும் அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். பிறகு தெரிந்து மாற வேண்டாம் பாருங்கள். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "வூடு புடிச்சிருக்குதா சார், அத சொல்லுங்க" என்றார். எனக்கு உடனே சந்தேகம் வந்தது. இவ்வளவு லேசாக ஒத்துக்கொள்கிறாரே, வீட்டில் என்ன கோளாறோ என்று சுவரைத் தட்டிப் பார்த்தேன்.

பத்திரம் எழுதுபவரிடம் போய்க் கிரய அக்ரிமெண்ட் போட்டோம். எஸ்தரின் வளையல் முன்பணமாகப் போனது. அப்போது தறியில் ஒரு பாவு, அதாவது சேலைக்கு நீளவாட்டில் கட்டின நூல், ஓடிக்கொண்டிருந்தது; நெய்து முடிந்தால்தான் அது இறங்கும். பாதியில் அறுத்துவிட்டுத் தறியைக் கழற்ற முடியாது என்று நாகய்யா சொன்னார். ஆகவே இப்படி எழுதினார்கள்: தறியில் ஏறியிருக்கும் பாவு இறங்கியதும் விற்பவர் தகவல் தெரிவிக்க வேண்டியது. தகவல் கிடைத்த பதினைந்து நாளுக்குள் வாங்குபவர் மீதித் தொகையோடு வந்து கிரயம் முடித்துக்கொள்ள வேண்டியது. தவறினால் முன்பணம் போய்விடும். நான் அந்தக் காகிதத்தை ஏழு தடவை படித்தேன். கையெழுத்தைப் பார்த்தேன், முத்திரையைப் பார்த்தேன், எல்லையைப் பார்த்தேன். தகவல் என்ற வார்த்தையில் மட்டும் என் கண் நிற்கவே இல்லை.

மாசி முதல் வாரத்தில் ஒரு மத்தியானம் டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்தேன். எஸ்தர் ஆஸ்பத்திரியில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். பூட்டிய கதவின் தாழ்ப்பாளில் ஏதோ கட்டித் தொங்கியது. பிரித்தேன். வாடின வெற்றிலை, ஒரு கொட்டைப்பாக்கு, மஞ்சள் அப்பிய ஒரு பிடி சிவப்பு நூல், நடுவில் இரண்டு சரிகை இழை. நெசவாளர் தெருவில் எங்களுக்கு வீடு கொடுக்கக்கூடாது என்று இரண்டு பேர் நாகய்யாவிடம் பேசினதாக ஏற்கெனவே காதில் விழுந்திருந்தது. இது செய்வினைதான், சந்தேகமே இல்லை என்று நினைத்தேன். எதையும் சந்தேகப்படுகிறவன் அதை மட்டும் சந்தேகப்படவில்லை! அதற்கு மேல் கையால் தொடாமல் குச்சியால் தள்ளிக்கொண்டு போய் வாசல் மண்ணில் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றி, கர்த்தருடைய நாமத்தைச் சொல்லிக் கொளுத்தினேன். எதிர்வீட்டார் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள்.

சாயங்காலம் எஸ்தர் சாம்பலைப் பார்த்துவிட்டு, "யாரையாவது கேட்டீங்களா, இன்னா ஏதுன்னு?" என்றாள்.

"வச்சவனையே போய்க் கேக்கச் சொல்றியா?" என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன்.

அதோடு விட்டேனா? அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டு ஜெபக் கூட்டத்தில் எழுந்து நின்று இதைச் சாட்சியாகச் சொன்னேன். உங்களில் பலர் அன்றைக்கு அங்கே இருந்தீர்கள். நெசவாளர் தெருவில் எனக்குச் செய்வினை வைத்தார்கள், கர்த்தர் என்னை விடுவித்தார் என்றேன். எல்லாரும் கை தட்டினீர்கள். ஒரு அம்மா அழுதே விட்டார்கள். என் ஜென்மத்தில் யாரும் எனக்கு அப்படிக் கை தட்டியதில்லை. வீட்டுக்கு நடந்து வருகிறபோது தரையில் கால் பாவவில்லை.

நாட்கள் போயின. நாகய்யாவிடமிருந்து தகவல் வரவில்லை. மாசி கடைசியில் ஒரு விடியற்காலை டியூட்டிக்குப் போகிற வழியில் வேண்டுமென்றே அந்தத் தெரு வழியாக சைக்கிளை விட்டேன். தெருவின் நீளத்துக்குப் பச்சைப் பட்டில் ஒரு புதுப் பாவை இழுத்துக் கட்டி நாகய்யா சரிபார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். உடனே நூல் பக்கம் திரும்பிக்கொண்டார். பழைய பாவு இறங்கிவிட்டது, தகவல் சொல்லாமல் புதுப் பாவு ஏற்றுகிறார், முன்பணத்தை அமுக்கிக்கொண்டு அதிக விலைக்கு வேறு ஆளுக்கு விற்கப் போகிறார் என்று கணக்குப் போட்டுவிட்டேன். அன்றைக்குத் தரகரை ஒரு டீக்கடையில் யாரோ வேட்டிக்காரரோடு பார்த்ததும் கணக்கு சரியாகிவிட்டது.

வக்கீலிடம் ஓடினேன். அவர் ரிஜிஸ்தர் தபாலில் நோட்டீஸ் அனுப்பினார். ஒப்பந்தத்தை மீறியது நாகய்யா, உடனே கிரயம் செய்து தர வேண்டும், இல்லையென்றால் கோர்ட்டு என்று அதில் எழுதியிருந்தது. காலி செய்யச் சொன்ன வீட்டுக்காரர் தினமும் வந்து ஜன்னல் கம்பிகளை எண்ணிவிட்டுப் போனார். பெரியவள், "அப்பா, நாம இப்ப எங்க போறோம்?" என்று கேட்டபோது, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று அவளை விரட்டினேன். மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஜெபம் பண்ண ஆரம்பித்தேன். ஒரே ஜெபம்தான். ஆண்டவரே, இதில் பொய் சொல்லுகிறவன் யார் என்று எனக்குக் காட்டும். பதினோரு நாள் அதையே கேட்டேன். பதில் நாகய்யா என்று நானே முடிவு செய்து வைத்திருந்தேன். ஆண்டவர் கையெழுத்துப் போட்டால் போதும் என்கிற மாதிரி இருந்தது என் ஜெபம்.

பன்னிரண்டாம் நாள் காலை பத்து மணி பஸ். ஓரிக்கையில் ஏறினேன். நாலாவது சீட்டில் ஜன்னல் ஓரமாக நாகய்யா உட்கார்ந்திருந்தார். டிக்கெட்டை நீட்டினார். அதோடு மடித்த காகிதம் ஒன்றையும் நீட்டினார். என் நோட்டீஸ்.

"செக்கர் சார், கோச்சுக்காதீங்க. எனக்குத் தமிழ் எழுத்து படிக்க வராது. தெலுங்குதான் எங்கப்பா சொல்லிக் குடுத்தாரு. பத்திரக்காரரும் ஊர்ல இல்ல. நீங்க அனுப்பிச்சதுன்னு போஸ்ட்மேன் சொன்னாரு. அனுப்பினவரே படிச்சு சொல்லிட்டா தேவல."

பஸ்ஸில் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். கண்டக்டர் வாயைப் பொத்திக்கொண்டான். நானே என் நோட்டீஸைப் படித்தேன். என் கட்சிக்காரர் எந்நேரமும் தயாராகவும் சித்தமாகவும் இருந்தும், பாவு இறங்கிய தகவலைத் தாங்கள் வேண்டுமென்றே மறைத்து, என்று வந்த இடத்தில் நாகய்யா கையைத் தூக்கினார்.

"மறைச்சனா? இன்னா சார் இது. மாசி மொத வாரமே தகவல் அனுப்பிச்சேனே. எங்கூட்டுக்காரி வந்தா. உங்க கதவு பூட்டிக்கினு இருந்துதாம். தாழ்ப்பாள்ல கட்டிட்டு வந்துட்டா."

"என்ன கட்டினாங்க?"

"நூலு சார். எறங்கின பாவுலேர்ந்து ஒரு பிடி நூலு அறுத்து, மஞ்ச தடவி, வெத்தல பாக்கோட. எங்க வூட்டு வழக்கம் அது. பாவு நல்லபடியா எறங்கிச்சு, வாங்கன்னு அர்த்தம்."

மேலே இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அந்த நிமிஷத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எனக்கு எந்த நூலும் வரல" என்றேன்.

நாகய்யா என் முகத்தைப் பார்த்தார். "வர்லியா? சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு நோட்டீஸை வாங்கி மடித்து மடியில் வைத்துக்கொண்டார். நான் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டேன். மற்றவர்களிடம் டிக்கெட் பார்க்கவில்லை. பாலாற்று மணலைப் பார்த்துக்கொண்டு வெயிலில் நின்றேன். பொய் சொல்லுகிறவனைக் காட்டும் என்று பதினோரு நாள் கேட்டேன் அல்லவா, கர்த்தர் ஒரு பஸ் நிறைய ஆட்களை வைத்துக் காட்டிவிட்டார்.

அன்று சாயங்காலமே வக்கீலிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கலங்கவே இல்லை. "நல்லதா போச்சு. நூல் எப்படிப்பா தகவலாகும்? காகிதத்துல எழுதி அனுப்பினாங்களா? இல்ல. அது கிடைச்சதுன்னு நீ மட்டும் ஒத்துக்காதே. கேஸ் நம்ம பக்கம்தான். வாயத் தொறந்தா வீடும் போச்சு, முன்பணமும் போச்சு" என்றார். சட்டப்படி அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். வீட்டுக்கு வந்து எஸ்தரிடம் சொன்னேன். அவள் அடுப்பிலிருந்த உலையை இறக்கி வைத்தாள். பிறகு, "அந்தம்மா கையால மஞ்ச தடவியிருக்காங்க. நாளைக்குப் போலாம்" என்றாள்.

போனோம். நாகய்யா தறிக்குழியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். அவர் மனைவி லட்சுமம்மா வாசலிலேயே எங்களை நிறுத்திவிட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் ஆரம்பித்தார்கள்.

"நூலு வரலன்னு பஸ்ல சொன்னீங்களாமே? ஏன் பதில் இல்லன்னு பாக்கறதுக்கு நான் மறுபடி உங்க தெருவுக்கு வந்தேன் சார். செய்வினய செக்கர் கொளுத்திட்டாருன்னு எதிர்வூட்டுல சொல்லிச் சிரிச்சாங்க. சரிக மட்டும் கருகாம மண்ணுல கெடந்துது, என் கண்ணால பாத்தேன். எல்லாம் தெரிஞ்சுக்கினுதான் எங்கூட்டுக்காரரு பஸ்ல உங்கள மானத்தோட எறக்கி வுட்டாரு. கொளுத்தினது போகட்டும். செய்வினக்காரங்கன்னு உங்க கூட்டத்துல சொன்னீங்களே! நூல் குடுக்கற மொதலாளி வூட்டுல எங்கிட்ட தண்ணி வாங்கிக் குடிக்க பயப்படறாங்க. கெட்ட பேரோட நான் ஆரணிக்குப் போவணுமா?"

எனக்குத் தலை நிமிரவில்லை. யாரோ என்னைப் பற்றி எதையோ சொல்லி நாலு வீட்டிலிருந்து என்னைத் துரத்தினார்கள் என்று இத்தனை வருஷம் புலம்பினவன், அதே வேலையை இவர்களுக்குச் செய்திருக்கிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். எஸ்தர் அழுதாள்.

நாகய்யா தறியை நிறுத்திவிட்டு வந்தார். "கெடு தப்பினது நீங்க. ஒரு மாசம் தறிய வெறுசா போட்டு ஒக்கார முடியாது, அதான் புதுப் பாவு ஏத்திட்டேன். வேற ஆளு அதிக வெலைக்கு கேட்டுக்கினுதான் இருக்குது. ஆனா நான் யாருக்கும் வாக்கு குடுக்கல."

"அப்போ எங்களுக்கே..." என்று இழுத்தேன்.

லட்சுமம்மா குறுக்கே புகுந்தார்கள். "எங்க சொன்னீங்களோ அங்கயே நின்னு மாத்தி சொல்லுங்க. நான் வந்து கேக்கறேன். அப்புறம் காகிதத்தப் பத்தி பேசலாம்."

சொன்னால் வீட்டைக் கொடுத்துவிடுவீர்களா, முதலில் எழுதிக் கொடுங்கள் என்று கேட்க நாக்கு துடித்தது. எஸ்தர் என் முழங்கையைக் கிள்ளினாள். கேட்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்துவிட்டேன். இது ஒரு பொறியாக இருந்தால்? ஐம்பது பேர் முன்னால் நான் ஒத்துக்கொண்டால் ஐம்பது சாட்சி. கோர்ட்டில் என்னையே கட்டிப் போடலாம். அவர்கள் பக்கத்து வக்கீல் யாராவது சொல்லிக்கொடுத்துத்தான் அந்த அம்மா இப்படிக் கேட்கிறார்களோ? மூன்று நாள் இந்த எண்ணத்தோடு மல்லுக்கட்டினேன். சனிக்கிழமை முழங்கால் போட்டபோது வீட்டைக் கேட்க எனக்கு மனசு வரவில்லை. ஆண்டவரே, வீடு போனால் போகட்டும், நாளைக்கு என்னைப் பொய் சொல்ல விடாதேயும் என்று மட்டும் கேட்டேன். அந்த இரண்டு மாதத்தில் சந்தேகம் கலக்காமல் நான் பண்ணின முதல் ஜெபம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்றேன். லட்சுமம்மா கடைசியில், வாசற்படிக்குப் பக்கத்தில், தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் போன மாதம் சொன்னது பொய்ச் சாட்சி என்றேன். அது செய்வினை இல்லை, வீட்டுக்கு வரச் சொல்லி அவர்கள் அனுப்பின நல்ல சேதி, அதைத்தான் கொளுத்தினேன், நூல் வரவில்லை என்று பஸ்ஸிலும் பொய் சொன்னேன், ஒப்பந்தத்தை மீறினது நான்தான் என்று சொல்லி முடித்தேன். ஒருவரும் கை தட்டவில்லை. ஆமென்கூடச் சொல்லவில்லை. முன்பு அழுத அந்த அம்மா என்னைப் பார்க்கக் கூசி மடியிலிருந்த வேதப் புத்தகத்தைத் திறந்துகொண்டார்கள். லட்சுமம்மா எழுந்து போய்விட்டார்கள்.

திங்கள் போனது, செவ்வாய் போனது. பங்குனி முடிய ஒரு வாரம்கூட இல்லை. ஏமாந்துவிட்டேன் என்று புலம்பினேன். "ஏமாந்தா என்னங்க, உண்மையச் சொல்லித்தான ஏமாந்தீங்க" என்றாள் எஸ்தர். புதன்கிழமை மத்தியானம் வாசலில் செருப்புச் சத்தம். நாகய்யாவும் பத்திரம் எழுதுபவரும் நின்றார்கள். நாகய்யா கையில் பழைய அக்ரிமெண்ட்.

"எடுங்க உங்க காகிதத்த. பின்னாடி எழுதிக்கலாம். இந்த வாட்டி பாவு கீவு வாணாம், தேதி போட்டு எழுதலாம்" என்றார்.

அக்ரிமெண்டின் முதுகில் கெடுவை நீட்டி எழுதினார்கள். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். அதே விலை, ஒரு பைசா கூட்டவில்லை. அதிக விலைக்குக் கேட்ட ஆளை என்ன சொல்லி அனுப்பினீர்கள் என்று கேட்டேன். பழக்கம் போகுமா?

"நான் அனுப்பல சார். எங்கூட்டுக்காரிதான் அனுப்பிச்சா. ஐம்பது பேரு மத்தியில தன் தப்ப சொல்ற ஆளு குடியிருந்தா வூடு நல்லா இருக்கும்னு சொல்லிட்டா. அப்புறம் நான் பேச முடியுமா?"

பங்குனி கடைசிக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறதே என்று விழித்தபோது அதற்கும் அவரே வழி சொன்னார். பச்சைப் பாவு இறங்கும் வரைக்கும் முன் அறையில் அவர்கள், பின்கட்டில் நாங்கள். அப்படியே போனோம். ஒரு மாதம் இரண்டு குடும்பமும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்தோம். கிணற்றில் தண்ணீர் குறையவில்லை. சித்திரையில் ரிஜிஸ்தர் ஆபீஸில் கிரயம் முடிந்தது. சாவியை எஸ்தர் கையில் கொடுத்துவிட்டு லட்சுமம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் பக்கத்தில் நின்று பத்திரத்தின் எல்லைகளை இன்னொரு தடவை சரிபார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், எழுத்து ஒன்றும் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர்.

இது நடந்து நாலு வருஷம் ஆகிறது. நான் இன்னும் செக்கர்தான், கண்டக்டர்கள் இன்னும் என்னைத் திட்டுகிறார்கள். ஆனால் ஒரு மனிதரைப் பற்றிச் சபையில் வாய் திறப்பதற்கு முன்னால் அவரிடமே போய்க் கேட்டுவிடுகிறேன். கர்த்தர் எனக்கு வீடு கொடுத்தார், ஸ்தோத்திரம். அதற்கு முன்னால் என் பொய்யை என் கையாலேயே உடைக்க வைத்தாரே, அதற்கு இரண்டு ஸ்தோத்திரம். உங்களில் யாராவது, ஒருவர் மேல் சந்தேகத்தை வைத்துக்கொண்டு முழங்காலில் நிற்கிறீர்களா? ஜெபத்தை நிறுத்த வேண்டாம். எழுந்து போய் அவரிடமே ஒரு வார்த்தை கேளுங்கள், மீதியைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று நம்பிப் போங்கள். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள், கூட வருகிறேன். ஞாயிறு மத்தியானம் எனக்கு டியூட்டி இல்லை. எங்கள் தெருவில் நுழைந்து யாரைக் கேட்டாலும் செக்கர் வீடு எது என்று காட்டுவார்கள். சிலர் வாசல் வரைக்கும் கூடவே வந்து, "எஸ்தரம்மா, ஆள் வந்துக்குது பாருங்க" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள்.